வரி வாங்கும்போது உள்ளூர், உதவி கேட்டால் வெளியூர்

திருப்பதியில் ஐந்து கோடி ரூபாய் செலவில் ஒரு லாட்ஜ் எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நில விலை நீங்கலாக, கட்டுமானத்துக்கு ஆகும் அந்த ஐந்து கோடியில் நூற்றுக்கு ஒன்று, அதாவது ஐந்து லட்சம் ரூபாய், கட்டடத் தொழிலாளர் நலத் தீர்வையாகக் கட்டப்பட்டாக வேண்டும். 1996ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் செய்த சட்டத்தால் வந்த தீர்வை இது. லாட்ஜ் முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தர்மக் காசு என்று எவரும் எண்ண வேண்டாம். பணம் ஆந்திர மாநிலக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போய்ச் சேருகிறது. அந்த லாட்ஜுக்குக் கடைக்கால் தோண்டியவர் ஆரணிக்காரர். சென்ட்ரிங் அடித்தவர் குடியாத்தத்துக்காரர். மூன்றாம் மாடிக்குக் கலவை சுமந்த சித்தாள் திருத்தணிப் பக்கத்துப் பெண்மணி. இம்மூவருடைய பெயரும் அந்த வாரியத்தின் பதிவேட்டில் உண்டா? உங்கள் வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள். பதில் தெரிந்துவிடும்.

நம்மவர் இடையே ஒரு தாழ்வு மனப்பான்மை வேரூன்றிக் கிடக்கிறது. பிழைக்க வந்த ஊரில் சர்க்காரிடம் கேட்பதற்கு நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்ற எண்ணம் அது. இந்த எண்ணத்தை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். "வரி கட்டுகிறவர்கள் நாங்கள், சலுகை வாங்குகிறவர்கள் நீங்கள்" என்று மேல்தட்டு மனிதர்கள் சொல்லும்போது நாமும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறோம். வருமான வரியை மட்டும் வரி என்று நினைப்பதால் வரும் மயக்கம் இது. 2025ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வருமானம் உள்ளவரே வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் நாட்டில் மிகப் பெரும்பாலோர் வரி கொடுக்காதவர்களா?

தினமும் கொடுக்கிறோம், ரசீது மட்டும் வாங்குவதில்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருக்கிறது. 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய்க்குமேல் வரி. மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கும் கான்ட்ராக்டரும் அதே 45 ரூபாய்தான் கொடுக்கிறார், 12,000 ரூபாய் சம்பாதிக்கும் அவருடைய கொத்தனாரும் அதே 45 ரூபாய்தான் கொடுக்கிறார். இருவருக்கும் ஒரே வரி என்பது பார்வைக்குச் சமத்துவம்போலத் தோன்றும். வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், யார் முதுகில் பாரம் அதிகம் என்பது விளங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, தலைக்குத் தடவும் எண்ணெய், பிஸ்கட் முதலியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், சிமென்ட்டின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகவும் குறைந்தன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எட்டு ஆண்டுகளாக ஏழையின் சோப்புக்கு 18 சதவீதம் வாங்கியவர்கள், குறைத்ததைத் தீபாவளிப் பரிசு என்று பெயர் சூட்டிக் கொடுத்தது கொஞ்சம் அதிகப்படி.

நமக்கு இதில் முக்கியமான சங்கதி வேறொன்று. ஜி.எஸ்.டி. என்பது பொருள் எங்கே செலவாகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும் வரி. சரக்கு ஈரோட்டில் உற்பத்தியாகி இருக்கலாம், குஜராத்தில் உற்பத்தியாகி இருக்கலாம். சித்தூர் கடையில் நீங்கள் அதை வாங்கினால், வரியில் பாதி மத்திய சர்க்காருக்கு, மறு பாதி ஆந்திர அரசுக்கு. வேலூரில் இருக்கும் உங்கள் ரேஷன் கார்டைப் பார்த்து அந்தப் பாதியைச் சென்னைக்கு யாரும் அனுப்பிவைப்பதில்லை. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை; அவற்றின்மேல் மாநிலமே தனி வரி போடுகிறது. ஆந்திரத்தில் அந்த வரி தமிழ்நாட்டைவிடக் கூடுதல். காட்பாடிக்குப் போகிற வேலை இருந்தால் வண்டியின் டாங்கை அங்கே நிரப்பிக்கொண்டு வரும் சித்தூர்க்காரர்களுக்கு இந்தப் பொருளாதாரத்தை எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டினால் மாதம் 150 ரூபாய், 20,000 ரூபாயைத் தாண்டினால் 200 ரூபாய் தொழில் வரி. அதுவும் ஆந்திர அரசின் கஜானாவுக்கே.

ஆக, வரியைப் பொறுத்தவரை நாம் முழு ஆந்திரக் குடிகள். புத்தூர், நகரி விசைத்தறிக் கூடங்களில் நெய்கிறவர், சித்தூர் மாங்கூழ் ஆலையில் சீசனுக்கு வந்து பழம் அறுக்கிறவர், திருப்பதி ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர், எல்லோருக்கும் இது பொருந்தும். இங்கே தலைமுறைகளாக இருக்கும் தமிழர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டமும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதியும் எல்லைக்கோட்டின் இருபுறமும் பங்கு பிரிந்தன. கோடு நகர்ந்தது, சம்பந்தி வீடுகள் நகரவில்லை.

உதவி என்று போய் நிற்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, ரேஷன் கார்டு எந்த ஊர்?

முதியோர் பென்ஷனை எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்தில் அது 2024 ஜூலை 1 அன்று 3,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாக உயர்த்தி வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2023இல் 1,000 ரூபாய் 1,200 ரூபாய் ஆயிற்று. இரண்டிலும் மத்திய சர்க்காரின் பங்கு, 60 வயது முதல் 79 வரை உள்ள ஏழை முதியோருக்கு, பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் 200 ரூபாய். இருபது ஆண்டு இந்த ஊர் வரியைக் கொடுத்துவிட்டு, மூட்டு தேய்ந்து உட்காரும் கொத்தனார் எந்தப் பென்ஷனுக்கு உரியவர்? சட்டம் சொல்லும் விடை, கார்டு இருக்கும் ஊரின் பென்ஷனுக்கு. அவர் எந்த ஊருக்கு உழைத்தார் என்பது கணக்கில் இல்லை.

அரிசி விஷயத்தில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உங்கள் தமிழ்நாட்டுக் கார்டில் பி.எச்.எச். என்றோ அந்தியோதயா என்றோ இருந்தால், கைரேகை வைத்துத் திருப்பதி ரேஷன் கடையிலேயே அரிசி வாங்கலாம். கார்டு வேறு வகையாக இருந்தால் இங்கே செல்லாது. தமிழ்நாட்டுக் கடையில் கொடுக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டி வராது. இது தெரியாமல் அரிசிக்காக மாதாமாதம் பஸ் செலவு செய்து ஊருக்குப் போய்வரும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள்.

மறுபடியும் கட்டடத் தீர்வைக்கு வருவோம். இந்தத் தீர்வை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன்மேல் நமக்குள்ள உரிமை எவ்வளவு வலுவானது என்பது புரியும். ஆலைத் தொழிலாளிக்கு ஒரே முதலாளி. அவர் சம்பளத்தில் பிடிக்கலாம், முதலாளியிடம் பங்கு வாங்கலாம், பி.எஃப். சேர்க்கலாம். கட்டடத் தொழிலாளிக்கு இந்த வாரம் ஒரு மேஸ்திரி, அடுத்த வாரம் வேறொரு மேஸ்திரி. முதலாளி யாரென்றே தெரியாது. அப்படிப்பட்டவருக்கு யாரிடம் பங்கு வசூலிப்பது? ஓடி மறையக்கூடிய மேஸ்திரியை விட்டுவிட்டு, ஓடவே முடியாத கட்டடத்தின்மீது தீர்வையைப் போடுவது என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. சுமைதூக்கும் மாத்தாடித் தொழிலாளருக்காக மகாராஷ்டிரம் 1969இலேயே ஏறத்தாழ இப்படியொரு வழி கண்டது. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் நெடிய போராட்டத்தின் பயனாக 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியமும் வந்தன. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் கேட்டு இயக்கம் நடந்தது. அதன் விளைவுதான் 1996ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே இந்த நூற்றுக்கு ஒன்று என்பது நமக்குச் சம்பளமாகத் தரவேண்டி, தராமல் பின்னால் தருவதாக எடுத்துவைத்த கூலி. கூலிக்கு எந்த ஊர்க்காரன் என்ற கேள்வி உண்டா?

எடுத்துவைத்த கூலி என்ன ஆயிற்று? 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா ஆகியோர் வழங்கிய தீர்ப்பைப் படித்தால் வயிறு எரியும். நாடெங்கும் 37,400 கோடி ரூபாய்க்குமேல் வசூலாகியிருந்தது. தொழிலாளருக்கென்று செலவானதாகக் கணக்குக் காட்டப்பட்டது சுமார் 9,500 கோடி. அந்தச் செலவிலும் லேப்டாப், வாஷிங் மெஷின் வாங்கிய கணக்குகள் இருந்தது அதற்கு முந்தைய ஆண்டு அதே வழக்கில் வெளிவந்து நீதிமன்றத்தையே திகைக்க வைத்தது. கலவை பிசைந்த கைக்கு வாஷிங் மெஷின்! பணம் தேங்கிக் கிடந்ததற்குக் காரணம் உதவி தேவைப்படும் தொழிலாளி இல்லை என்பதா? தொழிலாளி இருந்தார். பதிவேட்டில் பெயர் இல்லை. 18 வயது முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம் என்பது விதி. இங்கே மூன்று மாதம், பெங்களூரில் மூன்று மாதம், நடவு அறுப்புக்கு ஊரில் மூன்று மாதம் என்று அலைகிறவருக்கு 90 நாளுக்குச் சான்று எழுதித் தருவது யார்? வசூல் கட்டடத்தைத் தேடிப் போகிறது, பதிவோ தொழிலாளி தேடி வரட்டும் என்று காத்திருக்கிறது. இந்தக் கோணலில்தான் ஆயிரமாயிரம் கோடி ரூபாய் சிக்கிக் கிடந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டங்களும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றுக்குள் அடங்கிவிட்டன. இவற்றில் நமக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு வாசகம் இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டடத் தொழிலாளி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தால், அவர் இப்போது வேலை செய்யும் இடத்தின் நல வாரியமே அவருக்கு உதவிகளை வழங்கப் பொறுப்பாளி என்கிறது புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. ஆரணிக்காரருக்குத் திருப்பதியில் உரிமை உண்டு என்பதை இனி நாம் நியாயம் பேசி நிலைநாட்ட வேண்டியதில்லை. சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம்.

ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும். முன்பு, ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டுமே தீர்வை கிடையாது. புதிய தொகுப்பில் இந்த வரம்பு 50 லட்சம். 40 லட்சத்தில் வீடு கட்டினால் முன்பு 40,000 ரூபாய் வாரியத்துக்கு வரும், இனி ஒன்றுமில்லை. லாட்ஜும் அடுக்குமாடியும் நிறைந்த திருப்பதியைவிட, தனி வீடுகளாகக் கட்டும் சித்தூர் போன்ற ஊர்களில்தான் இந்த இழப்பு உறைக்கும். வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கும் கஷ்டம் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் 50 லட்ச ரூபாய் வீட்டுக்காரரின் சுமையைக் குறைக்க, அந்த வீட்டுக்குக் கல் சுமந்தவரின் நிதியில் கை வைத்தது என்ன நியாயம்? தீர்வையைக் கட்டுபவரே கணக்கிட்டுக் கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. தன் தலையில் விழும் தீர்வைக்குத் தானே கணக்கெழுதுபவர் கணக்கைக் கூட்டி எழுதியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

1979ஆம் ஆண்டுச் சட்டத்தில், வெளிமாநிலத்துக்கு அழைத்துவரப்படும் தொழிலாளிக்கு மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது, இடப்பெயர்ச்சிப் படியாகத் தரப்பட வேண்டும் என்று இருந்தது. புதிய தொகுப்பில் அந்தப் படி இல்லை. அந்தச் சட்டம் ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதியதில் பத்துப் பேர் வேண்டும். ஏழெட்டுப் பேராக மேஸ்திரியோடு வரும் நம் கோஷ்டிகளைக் கண்டு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது இந்தக் கணக்கு.

தீர்வையே ஒருநாள் காணாமற்போகும் அபாயமும் கற்பனையல்ல. பீடி சுற்றுவோர் நலனுக்காக 1976இல் சட்டம் போட்டு, பீடியின்மேல் ஒரு தீர்வை வசூலித்து, மருத்துவமனையும் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் அதிலிருந்து நடந்தன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, வரிகளை எளிமையாக்குகிறோம் என்று சொல்லி அந்தத் தீர்வையை ரத்து செய்தார்கள். பீடியின்மேல் வரி நின்றதா என்றால் இல்லை, 28 சதவீதமாக ஏறியது. நின்றது பீடித் தொழிலாளிக்கென்று இருந்த தனி நிதி. அதன்பின் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவார்கள் என்று பார்த்திருக்க வேண்டியதாயிற்று. கட்டடத் தீர்வை ஜி.எஸ்.டி.யில் கரையாமல் தப்பியது. அதைக் கட்டிக் காக்க வேண்டியவர்கள் நாம்.

நியாயம் பேசும்போது நம் சொந்த மாநிலத்தின் முகத்தையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பலர் ஆந்திரத்தின் வட மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அங்கே அவர்கள் வெளியூர், இங்கே நாம் வெளியூர். தமிழ்நாட்டில் எழும் கட்டடங்களின் தீர்வை சென்னையில் சேருகிறது. அந்தக் கட்டடங்களில் வேலை செய்யும் ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எத்தனை பேர் தமிழ்நாட்டு வாரியத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்காமல், ஆந்திரத்திடம் மட்டும் உரிமை கேட்டால் அது எடுபடாது. தெலுங்குத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே கோரிக்கையை இரண்டு தலைநகரங்களிலும் வைக்க வேண்டிய இடம் இதுதான்.

நடக்காத காரியமா இது? மேற்கு ஐரோப்பிய நாடுகள் 1971லேயே விதி செய்துகொண்டன. இத்தாலிக்காரர் ஜெர்மனியில் சில ஆண்டும் பெல்ஜியத்தில் சில ஆண்டும் உழைத்தால், எல்லா ஆண்டுகளையும் கூட்டிப் பென்ஷன் உரிமை கணக்கிடப்படும். இந்திய அரசே பெல்ஜியத்தோடு செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2009 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறகு வேறு பல நாடுகளோடும் செய்துகொண்டது. பெங்களூரிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் கம்ப்யூட்டர் எஞ்சினீயரின் சேமிப்பு வீணாகாமல் கடல் கடந்து காக்கப்படுகிறது. ஆரணியிலிருந்து மூன்று மணி நேர பஸ் பயணத்தில் திருப்பதி வரும் கொத்தனாரின் கூலிப் பங்கு நடுவழியில் தொலைகிறது. இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மவர்களுக்குத் தெரிந்ததே. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளிக்காக முதலாளியிடம் அரசு மாதாமாதம் லெவி வசூலிக்கிறது. அந்நாட்டு சேமநிதியான சி.பி.எஃப். அவருக்குக் கிடையாது. வெளியாளின் உழைப்பின்மேல் வசூல், வெளியாளுக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த மாதிரியைத்தான் நம் மாநிலங்கள் தம் சொந்த நாட்டுக் குடிமக்களிடம் காட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆலைகளில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் மாநில எல்லையில் நிற்பவை அல்ல. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் 2019 ஜூலை முதல் உங்களிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் என்று இ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டும். பிடித்த காசைக் கட்டாமல் விழுங்கும் கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கைச் செல்போனிலேயே பார்க்கலாம். மாதம் ஒருமுறை பாருங்கள். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய கணக்கு எண்ணையே கொடுங்கள், புதிது திறக்க விடாதீர்கள். பத்து ஆண்டு சேர்ந்தால்தான் பென்ஷன். 2014 முதல் குறைந்தபட்சமாக 1,000 ரூபாய் என்று வைத்திருக்கும் அந்தப் பென்ஷன் ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் சோறு போடும் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இனி நாம் செய்ய வேண்டியது. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள தொழிலாளர் துறை அலுவலகங்களில், புதிய தொகுப்பின்படி வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளரைப் பதிவு செய்யுமாறு எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் வாயால் மறுப்பார்கள். தெலுங்கு எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. தமிழில் எழுதுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் வேலைச் சான்றுக்கு மேஸ்திரியின் தயவை மட்டும் நம்பாமல், வேலை செய்த இடம், தேதி, கூலி மூன்றையும் ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து, வாரக் கடைசியில் மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் உங்கள் எண் இருந்தால் அதையும் மனுவில் குறிப்பிடுங்கள். அந்த எண் தன்னால் எந்த உதவியையும் கொண்டுவந்து விடாது என்றாலும், நீங்கள் இங்கே தொழிலாளி என்பதற்கு அது ஒரு சாட்சி.

இங்கேயே நிலைத்துவிட்ட, பிள்ளைகளை இங்குள்ள பள்ளியில் சேர்த்துவிட்ட குடும்பங்கள் கார்டை இங்கே மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது நம் கருத்து. இரண்டு மாநிலத்திலும் கார்டு வைத்துக்கொள்வது ஆதார் காலத்தில் மாட்டிக்கொள்வதற்கு வழி. நம் உரிமைக் குரலையும் அது பலவீனப்படுத்தும். சீசனுக்கு வந்து திரும்புகிறவர்கள் ஊர்க் கார்டை வைத்துக்கொண்டே இங்கே அரிசி வாங்கட்டும், இங்குள்ள கட்டட வாரியத்தில் பெயர் சேர்க்கட்டும். தமிழ்நாட்டு வாரியத்தில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம். ஆந்திர வாரியத்தின் பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை, கையில் இருப்பதை விட்டுவிடுவது கூடாது. பதில் வந்தாலும், மறுப்பு வந்தாலும், அதன் நகலைச் சங்கத்தில் கொடுங்கள். மறுப்புகள் நாற்பது ஐம்பது சேர்ந்தால் அவற்றை வைத்து விஜயவாடாவிலும் சென்னையிலும் ஒரே நாளில் மனுக் கொடுக்க முடியும்.